பன்னிரண்டாம் அகவையின் தீர்ப்பு: இளையோர் தீக்கனவு நாவல் வளர்ந்த வரலாறு

இல்லாத நாடொன்றைப் படைத்துக் காட்டி, அதன் வாயிலாக இருக்கின்ற நாட்டை எடைபோடுவது ஐரோப்பிய இலக்கியத்தில் நெடுநாளைய வழக்கம். ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட ‘யூட்டோபியா’ அவ்வழக்கிற்குப் பெயர் தந்தது. குறையற்ற நாடு பற்றிய அந்தக் கனவு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் தலைகீழாயிற்று. 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து குறித்த அரசின் கொள்கையைச் சாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், அக்கொள்கையை ஆதரிப்போரை யூட்டோபியர் என்று புகழ்வது தகாது, டிஸ்டோபியர் என்றே அழைக்க வேண்டும் என்றார். நடைமுறைக்கு எட்டாத நன்மையை நாடுவோர் முன்னவர். நடைமுறைக்கு ஒவ்வாத தீமையை நாடுவோர் பின்னவர் என்பது அவர் செய்த வேறுபாடு. அன்று அரசியல் வசையாகப் பிறந்த அச்சொல், இருபதாம் நூற்றாண்டில் ஓர் இலக்கிய வகையின் பெயராக நிலைத்தது. தமிழில் அதனைத் தீக்கனவு இலக்கியம் எனலாம்.

இந்த மரத்தில் கிளைத்த ஒரு கிளை, இளம் வாசகர்க்கென எழுதப்பட்ட தீக்கனவு நாவல். மூலமரத்தின் கேள்வி, அரசு மனிதனை என்ன செய்யும் என்பது. கிளையின் கேள்வி அதனினும் குறுகியது, ஆனால் கூரியது. ஒரு மனிதன் சமூகத்தில் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை யார், எந்த வயதில், எந்த அளவுகோல் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதே அது. இக்கேள்வி வளர்ந்த வரலாறு, அந்நாவல்களை எழுப்பிய சமூகங்களின் வரலாறும் ஆகும்.

மூன்று முன்னோடிகள்

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸமியாத்தின் 1920–21ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘நாம்’ என்னும் நாவல் இவ்வகைக்கு முதனூல் போன்றது. அதில் மனிதர்க்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் உண்டு, ஒரே நேரத்தில் உறங்குவர். தாய்நாட்டில் அந்நூல் தடைசெய்யப்பட, 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அது முதலில் வெளிவந்தது. சோவியத் மண்ணில் அது அச்சேறியது 1988இல். 1931இல் ஸ்டாலினுக்கு மடல் எழுதி நாட்டைவிட்டு வெளியேற இசைவு பெற்ற ஸமியாத்தின், 1937இல் பாரிஸ் நகரில் இறந்தார்.

1932இல் வெளிவந்த ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ இன்னொரு வழியைக் காட்டிற்று. அங்கே சாட்டையில்லை, இன்பமே ஆள்கிறது. கருக்கள் குப்பிகளில் வளர்க்கப்பட்டு, ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. உறக்கத்தில் காதோரம் ஓதப்படும் பாடங்களால், ஒவ்வொரு படியினரும் தம் படியே சிறந்தது என்று நம்பி வளர்கின்றனர். தப்பித் தவறி எழும் கவலைக்குச் ‘சோமா’ என்னும் மாத்திரை உண்டு. 1949இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ மீண்டும் அச்சத்தின் ஆட்சியை வரைந்தது.

இம்மூன்று நூல்களும் தோல்வியில் முடிகின்றன என்பது கருதத்தக்கது. ஸமியாத்தினின் நாயகன் கற்பனையை நீக்கும் அறுவைக்கு ஆளாகி, தன் காதலி வதைக்கப்படுவதை அமைதியாகப் பார்த்திருக்கிறான். ஹக்ஸ்லியின் ‘காட்டுமனிதன்’ தூக்கில் தொங்குகிறான். ஆர்வெல்லின் வின்ஸ்டன் தன்னை நசுக்கியவனையே நேசிக்கத் தொடங்குகிறான். வயதுவந்தோர்க்கு எழுதியவர்கள் எச்சரிக்கையே போதும் என்று எண்ணினர். சிறுவர்க்கு எழுத வந்தவர்களால் அவ்வாறு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. வாசகன் இனிமேல்தான் வாழப் போகிறவன். கதவு அடைபட்டுவிட்டது என்று மட்டும் அவனிடம் சொல்வதில் என்ன பயன்?

பதினொரு வயதுத் தேர்வு

சிறுவர் நூல்களில் இக்கருத்து கால்கொண்டதற்கு வலுவான சமூகப் பின்னணி ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, அங்கே பதினொரு வயதை ஒட்டிய சிறுவர்க்கு ஒரு தேர்வு நடத்தப்பட்டது. அதில் தேறியோர் ‘கிராமர் ஸ்கூல்’ எனப்படும் உயர்தரப் பள்ளிக்கும், அதன்வழிப் பல்கலைக்கழகத்திற்கும் செல்லும் பாதையில் நின்றனர். ஏனையோரில் பெரும்பாலோர் ‘செகண்டரி மாடர்ன்’ பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு நாட்காலையில் எழுதிய விடைத்தாள், ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகளை இரு வேறு வாழ்க்கைகளில் கொண்டுபோய் விட்டது.

பிறப்பால் வரும் தகுதியை ஒழித்து அறிவால் வரும் தகுதியை நிலைநாட்டுவதே அத்தேர்வின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. அந்நோக்கத்தின் உள்ளிருக்கும் நஞ்சைச் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் சுட்டிக்காட்டினார். 2034ஆம் ஆண்டில் வாழும் ஒருவர் எழுதும் ஆய்வேடுபோல் அமைந்த ‘மெரிட்டாக்ரசியின் எழுச்சி’ என்னும் அங்கத நூலில், அறிவும் உழைப்பும் கூடியதே தகுதி என்று வரையறுத்துக்கொண்ட ஒரு சமூகத்தை அவர் படைத்தார். முற்காலத்து ஏழைக்குத் தன் ஏழ்மை அநீதியால் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆறுதல் இருந்தது. தகுதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. தன் தாழ்வுக்குத் தானே காரணம் என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எச்சரிக்கையாக ஆக்கப்பட்ட ‘மெரிட்டாக்ரசி’ என்ற சொல்லைப் பிற்கால அரசியலார் பாராட்டுச் சொல்லாகவே கையாண்டனர். 2002இல் மறைந்த யங், அதற்கு முந்தைய ஆண்டில் இதனை வருத்தத்துடன் எழுதினார்.

வேலியின் இரு புறங்கள்

இந்த இங்கிலாந்திலிருந்துதான் ஜான் கிறிஸ்டபர் தோன்றினார். சாமுவேல் யூட் (1922–2012) என்பது அவருடைய இயற்பெயர். 1967, 1968ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய ‘டிரைப்பாட்ஸ்’ முத்தொகுதியில், வேற்றுக்கோளினர் மண்ணுலகை ஆள்கின்றனர். பதினான்கு வயதை எட்டிய ஒவ்வொருவர் தலையிலும் உலோகத் தொப்பி ஒன்று பதிக்கப்படுகிறது. அதன்பின் அவர்கள் துன்புறுவதில்லை, கேள்வி கேட்பதுமில்லை. பதிப்புச் சடங்கை ஊரே திருவிழாவாகக் கொண்டாடுகிறது.

தப்பியோடும் சிறுவன் வில் பார்க்கர் வழியில் ஒரு கோட்டையில் நோயுற்றுத் தங்குகிறான். கோட்டைத் தலைவர் குடும்பம் அவனை மகன்போல் ஏற்று, பிரபு நிலையையே அளிக்க முன்வருகிறது. தொப்பியை ஏற்றால் உயர்குலம், மறுத்தால் மலைக்குகையில் பசியும் குளிரும். வில் உண்மையிலேயே தடுமாறுகிறான். அடிமைத்தனம் எப்போதும் அச்சுறுத்தலாக வருவதில்லை, பதவி உயர்வாகவும் வரும் என்பதை இளைய வாசகனுக்கு உணர்த்திய பகுதி அது. தொகுதியின் இறுதியில் வேற்றுக்கோளினர் வீழ்கின்றனர். விடுதலை பெற்ற மாந்தரோ நாடு நாடாகப் பிரிந்து பூசலிடத் தொடங்குகின்றனர். விடுதலைக்கு இதுவும் ஒரு விலை என்பதைக் கிறிஸ்டபர் மறைக்கவில்லை.

நிலை வேறுபாடு என்னும் பொருளை அவர் நேரடியாக எடுத்துக்கொண்டது 1970இல் வெளிவந்த ‘தி கார்டியன்ஸ்’ நாவலில். 1971இல் கார்டியன் நாளிதழின் சிறுவர் இலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தது. கதை நிகழ்வது 2052ஆம் ஆண்டில். இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ‘கானர்ப்’ என்னும் நகரத் திரளில் கூட்டமும் கேளிக்கையும் கலவரமும். ‘கவுண்டி’ என்னும் நாட்டுப்புறத்தில் குதிரைகளும் மாளிகைகளும் பணிவுள்ள வேலையாட்களும். இடையில் வேலி. தந்தையை இழந்து அரசு விடுதிப் பள்ளியில் துன்புற்ற ராப் ராண்டல் என்னும் நகரச் சிறுவன் அவ்வேலியைக் கடக்கிறான். மைக் கிஃபர்டு என்னும் செல்வர் வீட்டுச் சிறுவனின் துணையால் உறவினன் என்ற பொய்யடையாளம் பெற்று, அங்கேயே கனவான் பிள்ளையாக வளர்கிறான்.

இந்நாவலின் கூர்மை, வேலியின் இரு புறத்தாரும் மறுபுறத்தை இகழ்கின்றனர் என்பதில் இருக்கிறது. நாட்டுப்புறத்தார் சோம்பிக் கிடக்கும் அடிமைகள் என்று நகரத்தார் எண்ணுகின்றனர். நகரத்தார் கட்டற்ற கும்பல் என்று நாட்டுப்புறத்தார் எண்ணுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களையும் ஊட்டி வளர்ப்போர் ‘காவலர்’ என்னும் மறைவான சிறு குழுவினர். அண்டை மனிதனைவிடத் தான் மேல் என்ற நிறைவு இருக்கும்வரை, தன்மேல் ஏறி அமர்ந்திருப்பவனை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதையும் மீறிச் சிந்திப்போர்க்கு மூளையில் ஓர் அறுவை. அதன்பின் அவர்கள் இனிய, அமைதியான மனிதர்களாகிவிடுவர். மைக்கின் தந்தையே அவ்வாறு ஆக்கப்பட்டவர் என்று ராப் அறிகிறான்.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ராப்பிடம் தண்டனை நீட்டப்படவில்லை. காவலர் குழுவில் ஓர் இடமே நீட்டப்படுகிறது. தான் தப்பி வந்த நகரத்தை நோக்கியே அவன் திரும்பி நடக்கிறான். வேலியைக் கடந்து அவன் வந்தது விருப்பத்தால் என்பதைவிடத் துன்பத்தால் எனலாம். திரும்பிப் போவதுதான் அவனுடைய முதல் தேர்வு.

லோயிஸ் லௌரியின் ஊர்

அமெரிக்காவில் இக்கிளைக்கு வித்திட்டவர் மாடலின் லெங்கிள். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தபின் 1962இல் வெளிவந்த ‘எ ரிங்கிள் இன் டைம்’ நாவலில், காமசோட்ஸ் என்னும் கோளில் வீட்டுக்கு வீடு குழந்தைகள் ஒரே தாளத்தில் பந்து தட்டுகின்றனர். தாளம் தவறும் குழந்தையின் தாய் அஞ்சி நடுங்குகிறாள். ஆனால் அது ஓர் அத்தியாயக் காட்சி. அக்காட்சியை முழு நாவலாக விரித்து, எதிரியை வேற்றுக்கோளில் வைக்காமல் அன்புள்ள வீட்டுக்குள்ளேயே வைத்தவர் லோயிஸ் லௌரி.

1937இல் ஹவாய்த் தீவில் பிறந்த லௌரி, படைத்துறைப் பல் மருத்துவரின் மகள். போருக்குப் பிந்தைய தோக்கியோவில், அமெரிக்கக் குடும்பங்களுக்கென வேலியிட்டு அமைத்த குடியிருப்பில் அவருடைய பதினொரு வயது கழிந்தது. அப்பாதுகாப்பான வளாகத்தின் வாயிலைத் தாண்டி, மிதிவண்டியில் ஷிபுயாத் தெருக்களின் ஒலியையும் நிறத்தையும் மணத்தையும் தேடித் தாம் போனதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முதுமையில் நினைவிழந்த அவருடைய தந்தை, இளம் வயதில் இறந்த மூத்த மகளின் படத்தைக் காட்டி, அவளுக்கு என்ன ஆயிற்று என்று மீண்டும் மீண்டும் கேட்டார். வலி தரும் நினைவே இல்லாத மனிதன் நிம்மதியானவன்தானா என்ற வினா அங்கிருந்து எழுந்தது. 1993இல் வெளிவந்த ‘தி கிவர்’ (வழங்குபவர்) அதன் விளைவு. 1994இல் அதற்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது.

அந்நாவலின் ஊரில் பசியில்லை, போரில்லை, வேலையின்மையில்லை. நிறமும் மலையும் மழையும்கூட இல்லை. குடும்பத்திற்கு ஓர் ஆண் குழந்தை, ஒரு பெண் குழந்தை. இரண்டும் விண்ணப்பித்துப் பெறப்படுபவை. ஒருமை எங்ஙனம் பழக்கப்படுகிறது என்பதை லௌரி சிறு பொருள்களைக் கொண்டு காட்டுகிறார். நான்கு முதல் ஆறு வயதுவரை குழந்தைகளின் சட்டைக்குப் பொத்தான் முதுகுப்பக்கம். ஒருவர்க்கொருவர் போட்டுவிட்டு, பிறரைச் சார்ந்து வாழப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழு வயதில் பொத்தான் முன்பக்கம் வருகிறது. ஒன்பதில் மிதிவண்டி கிடைக்கிறது. வளர்ச்சி முழுவதும் ஆண்டுதோறும் வழங்கப்படும் படிகளாகவே இருக்கிறது.

பன்னிரண்டாம் வயதில் இறுதிச் சடங்கு. மூப்பர் குழு ஒவ்வொரு சிறுவனையும் பல்லாண்டு கவனித்து, அவனுக்குரிய தொழிலை அவையறிய அறிவிக்கிறது. எல்லாத் தொழிலும் ஊருக்குத் தேவை என்பது அவையில் சொல்லப்படும் நன்றியுரை. ஆனால் கதாநாயகன் ஜோனஸின் தங்கை லில்லி, தான் பிள்ளை பெற்றுத் தரும் தாயாக வேண்டும் என்று ஆசைப்பட்டவுடன், அவ்வேலையில் மதிப்பு மிகக் குறைவு என்று அன்னை கண்டிக்கிறார். அப்பெண்கள் மூன்று மகப்பேறுகளுக்குப்பின் கூலிவேலைக்கு அனுப்பப்படுவர். சமத்துவத்தைப் பறைசாற்றும் ஊரிலும் ஏணி இருக்கிறது. அதைப்பற்றி வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் மட்டும் பேசுகின்றனர்.

ஜோனஸுக்குக் கிடைப்பது ஊரிலேயே உயர்ந்த மதிப்புள்ள பணி: ஊர் துறந்துவிட்ட பழங்கால நினைவுகளையெல்லாம் ஒருவனாகச் சுமப்பது. பணிக்குரிய விதிகளில் ஒன்று, அவன் பொய் சொல்லலாம் என்கிறது. அதைப் படித்த கணத்தில், இதே அனுமதி எல்லாப் பெரியவர்க்கும் தரப்பட்டிருக்குமோ என்று சிறுவன் திகைக்கிறான். அந்த ஓர் ஐயத்தில் ஊரின் அடித்தளம் விரிசல் காண்கிறது. முதியவர் வழங்கும் நினைவுகளின் வழியே நிறத்தைக் கண்டபின், காலையில் எந்த நிற ஆடை உடுத்துவது என்று தேர்ந்தெடுக்க அவனுக்கு ஆசை பிறக்கிறது. ஆடையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் வாழ்க்கைத் துணையை? தொழிலை? தவறாகத் தேர்ந்துவிட்டால் என்னாகும் என்று அவனே அஞ்சிப் பின்வாங்குகிறான். விடுதலை இனியது என்று வாளா முழங்காமல், அது அச்சம் தருவது என்பதையும் நூல் ஒப்புக்கொள்கிறது. இந்நேர்மையே அதன் வலிமை.

குழந்தைகளைப் பேணும் பணியிலுள்ள அன்பான தந்தை, இரட்டையரில் எடை குறைந்த குழந்தையை ஊசியால் கொல்வதை ஜோனஸ் திரையில் காண்கிறான். ‘விடுவித்தல்’ என்ற இனிய சொல்லின் பொருள் அதுவே. தந்தை கொடியவர் அல்லர். தாம் செய்வது இன்னதென உணரும் நினைவு அவரிடம் இல்லை. அடுத்து விடுவிக்கப்படவிருந்த கேப்ரியல் என்னும் மழலையைத் தூக்கிக்கொண்டு ஜோனஸ் ஊரைவிட்டு ஓடுகிறான். பனிமலையில் சறுக்குவண்டியில் அவர்கள் இறங்கும் இடத்தில் கதை முடிகிறது. பிழைத்தனரா, மாண்டனரா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. 2004இல் வந்த ‘மெசஞ்சர்’ நாவலில் ஜோனஸை ஓர் ஊரின் தலைவனாகக் காட்டி அவ்வினாவுக்கு விடை தந்தபோது, முடிவை வாசகனுக்கே விட்டிருந்த முதல் நூலின் அமைதி சற்றுக் குறைந்தது எனலாம்.

ஒரு கோடிப் படிகளுக்கும் மேல் விற்ற இந்நாவல் அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாயிற்று. அதே வேளையில், பள்ளியிலிருந்து நீக்கக் கோரும் முறையீடுகளுக்கும் ஆளாயிற்று. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த, 1990களில் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. குழந்தைக்கொலையும் தற்கொலையும் சிறுவர் படிக்கத் தக்கவையல்ல என்பது முறையிட்டோர் வாதம். அவ்வாதத்தை எள்ளி ஒதுக்குவது நேர்மையன்று. பிள்ளைமேல் கொண்ட அக்கறை அதில் உண்டு. எனினும் அந்த ஊரின் மூப்பர்களும் அக்கறையினால்தான் நினைவுகளைப் பூட்டி வைத்தனர் என்பதை நூலைப் படித்த மாணவன் எளிதில் கண்டுகொள்வான்.

பின் வந்த அலை

2000க்குப்பின் இவ்வகை பெருவெள்ளமாயிற்று. ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘அக்லீஸ்’ (2005) நாவலில், பதினாறு வயதில் எல்லோர்க்கும் அழகுபடுத்தும் அறுவை நிகழ்கிறது. முகத்தோடு மூளையிலும் கைவைக்கப்படுகிறது. சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008) பன்னிரண்டு மாவட்டச் சிறுவர்களைக் குலுக்கல்முறையில் மரணப் போட்டிக்கு அனுப்புகிறது. குலுக்கல் எல்லோர்க்கும் பொது என்பது சட்டம். ஆனால் பசித்த வீட்டுப் பிள்ளை, தானியமும் எண்ணெயும் பெறுவதற்காகத் தன் பெயரைப் பலமுறை பானையில் இட வேண்டியிருக்கிறது. பொதுவிதி ஏழைமேல் மட்டும் கூடுதல் பாரமாக இறங்கும் விந்தையை இதனினும் சுருக்கமாகச் சொல்வது அரிது.

வெரோனிக்கா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ (2011), பதினாறு வயதினர் ஐந்து பிரிவுகளுள் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுக்கும் சிக்காகோ நகரைப் படைத்தது. அங்கே தேர்வு உண்டு. தேர்ந்தபின் திரும்பும் வழியில்லை. பிரிவில் நிலைக்காதவர், யாருமற்ற கீழ்நிலையில் எடுபிடி வேலை செய்து வாழ்வர். ஐந்து கதவுகளையும் பிறரே அமைத்துவிட்டு, எதையும் திறக்கலாம் என்பது விடுதலையாகுமா என்பதே அந்நாவலின் வினா. லௌரியின் ஊரில் தேர்வே இல்லை. ராத்தின் நகரில் தேர்வு கட்டாயம். இரண்டுக்கும் இடையிலான பதினெட்டு ஆண்டுகளில், அமெரிக்க இளைஞரின் அச்சமும் தேர்வின்மையிலிருந்து தேர்வின் சுமைக்கு இடம்பெயர்ந்தது போலும்.

வெள்ளத்தில் நுரையும் மிகுந்திருந்தது. ஒன்றைப்போல் ஒன்று எழுதப்பட்டது. ஒருமையை எதிர்க்கும் நாவல்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதில் நகைமுரண் உண்டு. ‘டைவர்ஜென்ட்’ திரைத்தொடரின் மூன்றாம் படம் 2016இல் தோல்வியுற, நான்காம் படம் எடுக்கப்படாமலே நின்றது. அலை வடிந்ததற்கு அஃதோர் அடையாளம்.

ஆயினும் நூல்கள் செய்யும் வேலை சந்தையோடு முடிவதில்லை. 2014 மே மாதம் தாய்லாந்தில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையில் வரும் மூன்றுவிரல் வணக்கத்தைப் பாங்காக் இளைஞர்கள் தம் எதிர்ப்பின் குறியாக உயர்த்தினர். அதே ஆண்டு நவம்பரில், ஆட்சித் தலைவரின் முன்னிலையில் விரல் உயர்த்திய மாணவர்கள் பிடித்துவைக்கப்பட்டனர். 2021இல் மியான்மரில் படையாட்சி வந்தபோதும் அதே மூன்று விரல்கள் தெருக்களில் எழுந்தன. கற்பனை நாட்டின் சைகையை மெய்யான அரசுகள் குற்றமாகக் கருதின.

இவ்வரலாற்றை ஒருசேரப் பார்க்குங்கால் ஒன்று தெளிவாகும். தொப்பியும் அறுவையும் மாத்திரையும் சடங்கும் கதைக்குக் கதை மாறின. அவை வந்து சேரும் வயது மாறவில்லை. பதினொன்றுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில்தான் பெரியோர் உலகம் பிள்ளையை எடைபோட்டு, இன்ன படியில் நில் என்கிறது. அப்படி நிறுத்தும் பெரியோர் பலரும் அன்புடையவர்கள். வில் பார்க்கருக்குக் கோட்டையும், ராப்புக்குக் காவலர் பதவியும், ஜோனஸுக்கு உயர்ந்த மதிப்பும் அன்போடுதான் நீட்டப்பட்டன. கொடுமையை மறுப்பதற்குத் துணிவு போதும். நல்லெண்ணத்தோடு வழங்கப்படும் உயர்நிலையை மறுப்பதற்கு, தான் யார் என்று தானே அறிய வேண்டும் என்ற வேட்கையும் வேண்டும். அந்த வேட்கை பன்னிரண்டு வயதிலேயே தோன்றக்கூடும் என்று நம்பி எழுதியவர்கள் என்பதால்தான், இந்நாவலாசிரியர்களை அந்த வயதினர் இன்றும் தேடிப் படிக்கின்றனர்.